கிணற்றடியில் யாருமில்லை

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஒன்பது மணி ஆகியும் நித்யஸ்ரீயின் அறைக்கதவு திறக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் மாதாப்பூர் ஆபீஸிலிருந்து வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்தவள், "தலைவலி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். சாப்பிடவும் வரவில்லை. அம்மா கல்பகம் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். "நாளைக்குப் பேசறேன்மா" என்று குரல் மட்டும் வந்தது.

கல்பகத்துக்கு விஷயத்தைச் சொன்னவன் பிள்ளை அபிநவ்தான். அதையும் அரைகுறையாகச் சொன்னான். நித்யஸ்ரீ வேலை பார்க்கும் ஸ்டூடியோ 'பத்தர் கில்லா', அதாவது கல்கோட்டை, என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கிறது. கோட்டை, படை, சண்டை. இன்னும் கடைக்கு வரவில்லை. சில ஆயிரம் பேருக்கு மட்டும் முன்னோட்டமாகக் கொடுத்திருக்கிறார்கள். அபிநவும் அதில் ஒருவன். கேமில் பெண்களைக் காட்டியிருக்கும் விதம் சரியில்லை என்று நித்யஸ்ரீ ஆபீஸுக்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பக்கம் எப்படியோ வெளியே கசிந்து, விளையாடுகிறவர்கள் கூடும் தளத்துக்குப் போய்விட்டது. அவள் பெயரோடு. எண்ணூறு பேருக்கு மேல் அதன் கீழே எழுதியிருந்தார்கள். என்ன எழுதியிருந்தார்கள் என்று அபிநவ் காட்டவில்லை.

ஒன்பதரைக்குச் சண்டிப்பூரிலிருந்து அவள் கணவர் வெங்கட்ரமணன் போன் செய்தார். ஏவுகணைச் சோதனைக்காக அங்கே போய்ப் பத்து நாள் ஆகிறது.

"ரிசைன் பண்ணச் சொல்லு. இந்த ஊர்ல வேற வேலையா கிடைக்காது?"

"அவ என்ன எழுதினான்னு கேட்டேளா?"

"அது எதுக்கு இப்போ?"

கல்பகம் போனை வைத்தாள். இருபத்தெட்டு வருஷமாக ஏ.எஸ்.ராவ் நகருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. சோதனைக்கு வந்த மின்னணுப் பெட்டி ஒன்று சரியில்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தால், எழுதினவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைப் பார்க்க வேண்டும். அங்கே அதுதான் முறை. இங்கே எண்ணூறு பேரும் எழுதினவளைத்தான் பார்த்திருக்கிறார்கள். பெட்டியை ஒருத்தரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

"அபி, அந்த கேமைப் போடு."

அபிநவ் தோசையை வாயில் வைத்தபடி நிமிர்ந்தான். "நக்கோ மா, வேண்டாம். உனக்கு செட் ஆகாது. தலை சுத்தும்."

"சுத்தினா உக்காந்துக்கறேன். போடு."

அவன் அறையில், அவன் நாற்காலியில், அவன் பெயரிலேயே அவள் உட்கார்ந்தாள். இடது கை எதற்கு, வலது கை எதற்கு என்று அபிநவ் சொல்லிக் கொடுத்தான். முதல் கால் மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கொஞ்ச நேரம் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். அபிநவ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பத்தரை மணிக்குக் கை பழகிவிட்டது. பழகினதும் அவளுக்கு வியப்பு தாங்கவில்லை. கோட்டைச் சுவரின் கருங்கல் ஒவ்வொன்றும் தனித்தனி. மதில்மேல் காலை வெயில் நகர்ந்தது. குதிரை தும்மியது.

"என்னமா பண்ணியிருக்காடா! நிஜமாவே குதிரை தும்மறது!"

"அம்மா, நேரா போ. அங்க ராணி இருப்பா. அவளைக் கொன்னுடுவா. அதுக்கப்புறம்தான் மிஷன் ஸ்டார்ட்."

"அவ பேர் என்ன?"

அபிநவ் யோசித்தான். "ராணிதான். அவ்ளோதான்."

ராணி வந்தாள். போர் நடக்கிற இடத்துக்கு வயிறு தெரிய உடை உடுத்தி வந்தாள். பக்கத்தில் நின்ற சிப்பாய்க்குக் கழுத்திலிருந்து முழங்கால் வரை இரும்பு. ஒரு நிமிஷத்தில் ராணி செத்துப்போனாள். கதாநாயகன் வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

"இவளுக்கு மட்டும் ஏன் கவசம் குடுக்கலை?"

"அம்மா, அது ஸ்டைல். போய்ண்டே இரு."

கல்பகம் போகவில்லை. சண்டை நடந்த வாசலை விட்டுவிட்டு இடது பக்கச் சந்தில் நுழைந்தாள். ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தாள். கொல்லன் இருந்தான். குதிரைக்காரன் இருந்தான். சூதாடுகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். கிட்டே போனால் ஆளுக்கொரு வம்பு பேசினார்கள். கோட்டையின் பின்பக்கம் பெரிய படிக்கிணறு ஒன்று இருந்தது. அறுபது படியாவது இருக்கும். அடியில் தண்ணீர் பச்சையாக மின்னியது. படியோரம் வரிசையாகக் குடங்கள். ஆனால் யாருமில்லை.

அவள் கிணற்றைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். அங்கிருந்து சமையல் கொட்டிலுக்குப் போனாள். அடுப்பு எரிந்தது, அண்டாவில் ஏதோ கொதித்தது. அங்கேயும் யாருமில்லை.

"அபி, இத்தனை சிப்பாய்க்கும் யாருடா சமைக்கறா?"

"என்ன?"

"தண்ணி யார் தூக்கறா? பொம்மனாட்டிதான் தூக்கணும்னு சொல்லலை. ஒரு ஆம்பளை தூக்கினாலும் சரி. அடுப்பு எரியறது, குடம் நிறைஞ்சிருக்கு, ஆளே இல்லையே."

அபிநவ் திரையைப் பார்த்தான். இந்தக் கோட்டையில் அவன் இருநூறு மணி நேரத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறான். கிணற்றுக்கு வந்ததே இல்லை.

"தெரியலைம்மா" என்றான். கிண்டல் இல்லாத குரல்.

கீழே காஸ் சிலிண்டர்காரன் மணி அடித்தான். அபிநவ் எழுந்து போனான். போகும்போது, "நாலு பேர் சேர்ந்து ஆடறது ஒண்ணு இருக்கு, அது வந்தா 'ஓகே' அழுத்து. நான் வந்துடறேன்" என்று சொல்லி ஹெட்செட்டை அவள் தலையில் மாட்டிவிட்டுப் போனான்.

அது உடனே வந்தது. அவளும் அழுத்தினாள்.

மூன்று பேர் ஏற்கெனவே இருந்தார்கள். காதுக்குள் ஹிந்தியில் சிரிப்பும் கூச்சலும் கேட்டது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் கல்பகம், "கிதர் ஜானா?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது.

"அரே, லேடீஸ்!" என்றது ஒரு குரல்.

"அபியோட ஐடி இது. அவன் அக்கா!" என்றது இன்னொன்று. "நோட்டு எழுதற அக்கா! நமஸ்தே அக்கா! உங்க பேப்பரை முதல்ல போட்டது நான்தான், தெரியுமா? அபி அனுப்பின போட்டோ!"

கல்பகத்தின் விரல்கள் அப்படியே நின்றன. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கிரி. அபிநவோடு படிக்கிற பையன், வீடு குஷாய்குடா. சனிக்கிழமை தவறாமல் சாயங்காலம் வருவான். ஆறு அடை சாப்பிடுவான். அவன் அப்பா அவள் தொழிற்சாலையிலேயே ஸ்டோர்ஸில் இருக்கிறார்.

மற்ற இருவரும் யாரென்று தெரியாது. அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். முதலில் நித்யஸ்ரீயின் போட்டோவைப் பற்றி. பிறகு உடம்பைப் பற்றி. பிறகு அவளை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி. கிரி சிரித்துக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் சொன்னதற்குத் தானும் குறைந்தவன் இல்லை என்பதுபோல் கடைசியில் அவனும் ஒன்று சொன்னான். அந்த வார்த்தையைக் கல்பகம் பஸ் ஸ்டாண்டில் கேட்டிருக்கிறாள்; யாரோ யாரையோ சொல்லி. இவ்வளவு கிட்டத்தில், காதுக்குள் கேட்டதில்லை.

திரையில் ஒரு கட்டம் தோன்றியது. மூன்று பேரும் ஓட்டுப் போட்டு அவளை வெளியேற்றிவிட்டார்கள்.

கல்பகம் புகார் கொடுக்க எங்கே அழுத்துவது என்று தேடினாள். ஒரு பக்கம், அதற்குள் இன்னொரு பக்கம், காரணம் என்ன, எந்த நேரம், சாட்சி உண்டா. ஆறாவது பக்கத்தில் 'நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா?' என்று கேட்டது. 'ஆம்' என்று அழுத்தினாள். 'மறுபடி முயலவும்' என்று வந்தது.

அபிநவ் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். "ஜெயிச்சியா மா?"

"அந்தக் காகிதத்தை நீதான் போட்டோ எடுத்தியா?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு ஒரே நொடியில் போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஒருத்தனுக்குத்தான் அனுப்பினேன்."

"எதுக்குடா?"

"புது வெர்ஷன்ல ராணி சாவாளா மாட்டாளான்னு கிரிகூட ஒரு ஆர்க்யுமெண்ட். அக்கா எழுதிக் குடுத்திருக்கா, ஸ்டோரியே மாறப்போறதுன்னு சொன்னேன். அவன் நம்பலை. டைனிங் டேபிள்ல அந்த பிரிண்ட்அவுட் இருந்தது. பெருமையாத்தான்மா அனுப்பினேன். இப்படிப் பண்ணுவான்னு..."

"கீழே அவ பேர் இருந்ததே, பாக்கலையா?"

"பாக்கலை."

"அவன் போட்டப்புறம்? எண்ணூறு பேர் எழுதறப்போ நீ என்ன எழுதினே?"

அபிநவ் தலையை மட்டும் ஆட்டினான். ஒன்றும் எழுதவில்லை என்று அர்த்தம்.

"விடும்மா. எனக்கு நேத்தே தெரியும்."

நித்யஸ்ரீ வாசற்படியில் நின்றிருந்தாள். தலை வாரவில்லை. கண் வீங்கியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"போட்டோ ஓரத்துல அவன் கட்டைவிரல் இருக்கு. சின்ன வயசுல கதவுல நசுங்கின நகம். எனக்குத் தெரியாதா?"

"அக்கா..."

"எண்ணூறு பேர் திட்டினதுக்கு நான் கதவைச் சாத்தலைடா. ஆறு வருஷமா கேக்கறேன். மைக்கை ஆன் பண்ணினாலே ஆரம்பிச்சுடுவா. அது பழகிடுத்து. அந்த நகத்தைப் பார்த்தேன் பாரு, அது பழகலை."

அபிநவ் தலை குனிந்தான். அழுகிறானா என்று பார்க்க முடியவில்லை.

மூன்று மணிக்கு வீடியோ மீட்டிங் என்று நித்யஸ்ரீ சொன்னாள். ஸ்டூடியோ தலைவர் கிருஷ்ணபிரசாத் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்தை வெளியே கொடுத்தது யார் என்று கேட்பார். "தெரியாதுன்னு சொல்லப் போறேன். ராஜினாமா எழுதி வெச்சுட்டேன்."

கல்பகத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் வாயில் வந்தது வேறு. "நித்யா, அந்தக் கிணத்தடியில ஏன் ஆளே இல்லை?"

"எந்தக் கிணறு?"

"கோட்டைக்குப் பின்னால. குடமெல்லாம் வெச்சிருக்கே."

"நீ அங்க போனியா? எந்த மிஷனும் அங்க போகாதே!"

"தண்ணி எங்கேர்ந்து வரதுன்னு பாக்கப் போனேன்."

நித்யஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் ஏழு பாயிண்ட் எழுதினேன். கவசம், சாவு, புகார் பக்கம்... கிணறு என் லிஸ்ட்லயே இல்லை."

பிறகுதான் ஹெட்செட்டில் கேட்டதைக் கல்பகம் சொன்னாள். கிரியின் வார்த்தையைத் தவிர மற்றதை. நித்யஸ்ரீ கேட்டுக்கொண்டே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கும் இப்படி நடக்கும்னு நான் நினைக்கவே இல்லைம்மா."

"நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தணிஞ்சு எழுதியிருந்தா கேட்டிருப்பாளோ?"

"நான் தணிஞ்சுதான் எழுதினேன். எல்லாத்துக்கும் 'தயவுசெய்து' போட்டிருந்தேன். 'இது பிழை இல்லை, உன் அபிப்பிராயம்'னு கிருஷ்ணபிரசாத் திருப்பி அனுப்பிட்டார். நீ சொல்லு, உன் ஆபீஸ்ல நீ எப்படி எழுதினே?"

கல்பகம் யோசித்தாள். அவள் சேர்ந்தபோது சோதனைக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. நிர்வாகக் கட்டிடம் வரை நடக்க வேண்டும். போக ஏழு நிமிஷம், வர ஏழு நிமிஷம். ஒன்பது வருஷம் நடந்தாள். மாசமாக இருந்தபோதும் நடந்தாள்.

"நான் எழுதவே இல்லை. அதைக் குறைன்னு எழுதலாம்னே தோணலை" என்றாள்.



மூன்று மணிக்கு டைனிங் டேபிளில் லேப்டாப் திறந்தது. கிருஷ்ணபிரசாத்துக்கு நாற்பது வயது இருக்கலாம். தூக்கம் கெட்ட முகம். தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிப் பேசினார். கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"வெளியே கொடுத்தது யார், நித்யா?"

நித்யஸ்ரீ பேசுவதற்கு முன் அபிநவ் நாற்காலியை இழுத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். "நான் சார். இவங்க தம்பி. டேபிள்ல இருந்ததை போட்டோ எடுத்தேன். அக்காவுக்குத் தெரியாது." குரல் உடைந்தது, ஆனால் வாக்கியத்தை முடித்தான்.

கிருஷ்ணபிரசாத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதை வீட்டுக்குக் கொண்டுபோனது உங்க தப்பு, நித்யா."

"ஆமாம் சார். அது என் தப்பு."

"திங்கட்கிழமை ஒரு மன்னிப்புக் கடிதம் வேணும். அந்தப் பக்கத்துல இருக்கறது கம்பெனி கருத்து இல்லைன்னு நீங்களே எழுதணும். பசங்க அடங்கிடுவாங்க."

"வீட்டுக்குக் கொண்டுபோனதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். எழுதினதுக்குக் கேக்க மாட்டேன்." ராஜினாமா என்ற சொல்லுக்காகக் கல்பகம் காத்திருந்தாள். மகள் அதைச் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டாள்: "சார், படிக்கிணத்துல ஏன் ஆளே இல்லை?"

இது என்ன சம்பந்தமில்லாத கேள்வி என்று கிருஷ்ணபிரசாத் கேட்கவில்லை.

"இருந்தாங்க" என்றார். "நீங்க சேர்றதுக்கு முன்னாடி. இருபத்தாறு பெண்கள். தண்ணி எடுக்கறவங்க, சமைக்கறவங்க, கணக்கு எழுதற ஒரு அம்மா. ஆளுக்கு ஆள் பேசுவாங்க. ஒரு வருஷம் உழைச்சோம்."

"என்ன ஆச்சு?"

"ஆடிப் பாக்க வந்த பசங்க மிஷனை விட்டுட்டு முதல்ல அவங்களைத்தான் வெட்டினாங்க. கிணத்துப் படியில ஓட ஓட வெட்டி வீடியோ போட்டாங்க. கெட்ட பேர் வரும்னு பயந்து எடுத்துட்டோம்."

கல்பகத்தால் சும்மா இருக்க முடியவில்லை. "வெட்டறதை எடுக்கலையா?" என்று கேமராவுக்கு வெளியே இருந்தே கேட்டாள்.

"யார் அது?"

"என் அம்மா சார்."

கிருஷ்ணபிரசாத் குரல் வந்த பக்கத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "எடுத்திருக்கலாம் மேடம். அவங்களை வெட்டினா கத்தி ஓங்காதுன்னு வெச்சிருக்கலாம். ஆட்டம் தோத்துடும்னு வெச்சிருக்கலாம். பெண்களை எடுக்கறது ஒரு சாயங்கால வேலை. வெட்டறதை எடுக்கறது ஒரு மாச வேலை."

"அந்த இருபத்தாறு பேர் இன்னும் இருக்காங்களா சார்?" நித்யஸ்ரீயின் குரல் மாறியிருந்தது.

"பழைய ஃபைல்ல இருக்கலாம்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "திங்கட்கிழமை பதினோரு மணி. கடிதத்தோட வாங்க. இல்லாட்டி வேற எதோட வரீங்கன்னு பாக்கறேன். வேலை இருக்குன்னு நான் வாக்குக் கொடுக்கலை."

திரை அணைந்தது. மூவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, நீ புதுசா ஏதாவது எழுதினா நான் ஆடிப் பாத்துச் சொல்லட்டுமா?" என்று அபிநவ் கேட்டான். நித்யஸ்ரீ அவன் முன்னால் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினாள். "நீ இதுவரைக்கும் மைக்ல கேட்டுண்டு சும்மா இருந்ததெல்லாம் எழுது. எனக்கு அது வேணும். ஒண்ணு விடாம."

அவன் பேனாவை எடுத்தான். முதல் வரிக்கு நெடுநேரம் ஆயிற்று.

ஐந்தே காலுக்கு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. யாரென்று மூன்று பேருக்கும் தெரிந்தது. அழைப்பு மணி அடித்தது. அபிநவ் எழுந்தான். கல்பகமும் எழுந்தாள்.

"உக்காருங்கோ. நான் திறக்கறேன்" என்றாள் நித்யஸ்ரீ.

கிரி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். அவளைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்தி, "அபி இருக்கானா அக்கா?" என்று தெலுங்கில் கேட்டான்.

அவளும் தெலுங்கிலேயே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "காலைல உன்கூட ஆடினது நான் இல்லை கிரி. எங்க அம்மா."

கிரி அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். கல்பகம் நின்றிருந்தாள். அவன் முகம் வெளுத்தது. "ஆண்டி... ஆண்டி, சத்தியமா நீங்கன்னு தெரியாது. நான்... அக்கான்னு நெனச்சு..."

"சரி" என்றாள் நித்யஸ்ரீ. "நானா இருந்திருந்தா பரவாயில்லையா?"

கிரி கையிலிருந்த ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்தான். திரும்பிப் போகவில்லை.